வாரேன் என்றால்

எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. கடைக்குக் கிளம்பினாலும் சரி, கொல்லைக்குக் கிளம்பினாலும் சரி, "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஊரில் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் வாய் தவறிச் சொன்ன ஆளைத் திருப்பிக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடியும் "வாரேன்" சொல்லச் சொல்லி அனுப்புகிற ஆள் பந்தல்குடியிலேயே நான் ஒருத்திதான். என் டீக்கடைக்கு வருகிற லாரிக்காரர்கள்கூட அதற்குப் பயந்து ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள்.

காரணம் இருக்கிறது. என்னைக் கட்டிய மனுசன் லாரி ஓட்டியவர். ஒருநாள் காலையில் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை. தட்டைத் தள்ளிவிட்டு, "போறேன்டி" என்று செருப்பை மாட்டினார். சாயங்காலம் மல்லாங்கிணறு ரோட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். அன்றைக்கு அவர் "வாரேன்" என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார் என்றுதான் நான் இன்னமும் நம்புகிறேன். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து சேர்ந்தவர்கள்.

அதன் பிறகு பிறந்த வீட்டுக்கே வந்து, தூத்துக்குடி ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை போட்டேன். தாய் தகப்பன் இல்லாத தம்பி உதயகுமாரை ஆளாக்கினேன். அவன் இப்போது ஒரு குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறான். அவன் பொண்டாட்டிதான் தங்கச்செல்வி. நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் என்றதும் ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். கல்யாணமான முதல் வாரம் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு, "தண்ணிக்குப் போறேன் மதினி" என்றாள். கடையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பிள்ளை நடுங்கிப் போனாள். அன்றிலிருந்து அவள் வாயில் "வாரேன்" தவிர வேறு வார்த்தை வந்ததில்லை.

அந்தச் செல்விக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் குரூப் ஃபோர் பரீட்சை.

கடைக்குப் பக்கத்தில் மகளிர் குழுக் கட்டடம் ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம் இருந்தது. மாவாட்டி, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்கப் போட்ட மத்தியானங்களில் அவள் அங்கே போய் உட்கார்ந்து படித்தாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ஒருத்தியை அண்ணன்காரன் நிறுத்திவிட்டான். மிச்சம் இருந்தவளின் அப்பன், "மொதல்ல ஒங்க வீட்டுப் பிள்ளை எழுதட்டும்க்கா, அப்புறம் பாப்போம்" என்று என் கடையிலேயே டீயைக் குடித்துக்கொண்டு சொன்னான். செல்வி எழுதாமல் திரும்பினால் அந்தக் கட்டடத்துக்கு மறுபடியும் பூட்டுதான்.

பாசம் பொங்கி வழிந்து நான் சாவியைக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனுசன் போன பிறகு எந்த ஆபீஸ் படி ஏறினாலும், "கூட ஆம்பளை யாரும் வரலையா?" என்றுதான் என்னைக் கேட்டார்கள். கேட்டவனெல்லாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டான். அந்த எரிச்சல் எனக்கு இத்தனை வருசம் கழித்தும் அடங்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற பொம்பளையை "உக்காருங்கம்மா, என்ன விசயம்?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

உதயகுமாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கெட்டவன் இல்லை, ஆனால் பயந்தவன். போன தடவை பரீட்சை வந்தபோது செல்வி நிறைமாதம். போக முடியவில்லை. இந்தத் தடவை என்னுடைய வாய்க்குப் பயந்து சம்மதித்தான். "இந்த ஒரு தடவைதான். எழுதுனா எழுதட்டும், இல்லைன்னா புக்கையெல்லாம் கட்டி எடைக்குப் போட்டுறணும். புள்ளைக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். பிள்ளைக்கு ஒன்றரை வயசு. எங்கள் அம்மா பேரான அருஞ்சுனை என்பதை வைத்துவிட்டு, எல்லாரும் பாப்பா என்றே கூப்பிடுகிறோம். பொங்கல் சமயத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி, வெட்டு வந்து, கண் மேலே சொருகி, கை கால் இழுத்துக்கொண்டது. அந்த ஒரு தடவை பார்த்ததிலிருந்து அவள் தும்மினாலே எங்கள் மூவருக்கும் கையும் ஓடாது காலும் ஓடாது.

அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் செல்வியை ஏற்றிவிட்டேன். உதயகுமார் வெள்ளனவே வீரசோழனுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். செல்வி படியில் நின்றபடி கையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை. கண் பட்டுவிடும்.

பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இடுப்பில் பாப்பா வழக்கத்துக்கு மாறாகச் சும்மா இருந்தாள். தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அடுப்புச் சூடு என்றுதான் முதலில் நினைத்தேன். அடுப்பை விட்டுத் தள்ளிவந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. வயிற்றைத் தொட்டேன். அதுவும் சுட்டது. அட கடவுளே, உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் பூக்கட்டி விற்கிற முத்துப்பேச்சியைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த நர்சம்மா சூடு பார்த்து, மருந்து ஊற்றி, "தண்ணித் துணியால தொடச்சுக்கிட்டே இருங்க. கொறையலைன்னா டாக்டரைப் பாக்க அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போயிருங்க. முன்னாடி வெட்டு வந்த புள்ளை, அசட்டையா இருக்காதீங்க" என்றார். அசட்டையா? நானா?

கடைக்குத் திரும்பி வந்து பெஞ்சில் பாப்பாவைக் கிடத்தித் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. செல்வி.

"மதினி, வந்து சேந்துட்டேன். பரிச்சை எழுதுற பள்ளிக்கூடத்து கேட்ல நிக்கிறேன். பாப்பா எந்திரிச்சுட்டாளா?"

"எந்திரிச்சுட்டா."

"சாப்பிட்டாளா?"

சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். சொன்னால் அவள் கை பேனா பிடிக்காது. ஆனால் பாப்பா அந்த நேரம் பார்த்து முனகினாள். என் வாய் என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறது?

"சாப்பிடலைத்தா. லேசா மேலு சுடுது..."

அதற்குள் ஒரு லாரிக்காரன் கடை முன்னால் காது கிழிய ஆரனை அடித்தான். அவன் பரம்பரையே விளங்காமல் போக. அந்தச் சத்தத்தில் அவள் என்னவோ சொன்னது கேட்கவில்லை. சத்தம் ஓய்ந்தபோது கடைசியாக ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"... மதினி, வாரேன்."

போன் கட்டாகிவிட்டது. திருப்பிப் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

வருகிறாளாம். பிள்ளைக்கு மேல் சுடுகிறது என்று கேட்டதும், பரீட்சை வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கேட்டிலிருந்தே திரும்பிவிட்டாள். பாவி, நான் கெடுத்துவிட்டேன். ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பிள்ளை உள்ளே போயிருக்கும். எத்தனை மத்தியானம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்தாள்! மாவாட்டும்போதுகூட உதடு அசைந்துகொண்டே இருக்குமே! எல்லாம் என் நாக்கால் போயிற்று. முத்துப்பேச்சி, "என்ன மதினி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீக?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. வர வேண்டிய நேரத்தில் வராது அந்த வாய்.

சரி, வருகிறவள் வரட்டும், முதல் ஆளாக அவள் காலில் விழுந்துவிடுவோம் என்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அருப்புக்கோட்டை பஸ் ஒன்று வந்தது. கோழிக்கூடையோடு ஒருத்தர் இறங்கினார். செல்வி இல்லை. அடுத்த பஸ் வந்தது. நான் ரோட்டைத் தாண்டிப் போய் உள்ளே எட்டியே பார்த்துவிட்டேன். கண்டக்டர் நல்லகண்ணு தெரிந்த ஆள்தான்.

"யாரைக்கா தேடுறீக?"

"எங்க செல்வி வரலையா?"

"அந்தப் பிள்ளையக் காலைல போகும்போது பாத்தேன். திரும்பி வரலையேக்கா" என்று விசிலை ஊதிவிட்டான்.

அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் இல்லை. இப்போது என் பயம் வேறு பக்கம் திரும்பியது. பரீட்சையை விட்டுவிட்டு வருகிறாளே என்று இதுவரை பயந்தேன். இப்போது, இன்னும் வரவில்லையே என்று பயந்தேன். கிளம்பி எவ்வளவு நேரம் ஆகிவிட்டது! நடந்து வந்தாலும் பாதி தூரம் வந்திருக்கலாம். பஸ்ஸுக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாளோ? பதற்றத்தில் ரோட்டைப் பார்க்காமல் கடந்தாளோ? டீக்குடிக்க வந்த ஒருத்தர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "வார வழியில பாலத்துக்கிட்ட ஒரு ஆட்டோ கவுந்து கெடக்கு, கூட்டமா நிக்கிறாக" என்றார். யார், என்ன, பொம்பளையா ஆம்பளையா என்று நான் கேட்டதற்கு, "எறங்கிப் பாக்கலையே தாயி" என்றார். பார்க்காத மனுசனுக்கு எதற்கு அந்தப் பேச்சு? அந்த ஆளுக்குப் போட்ட டீயில் சர்க்கரை போட்டேனா உப்பைப் போட்டேனா என்று எனக்கே தெரியாது.

பாப்பாவுக்குச் சூடு குறைவதும் ஏறுவதுமாக இருந்தது. துணியை நனைப்பேன், துடைப்பேன், ரோட்டைப் பார்ப்பேன். செல்வி போன் அணைந்தே கிடந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனால் இவள் "வாரேன்" என்றுதானே சொன்னாள், இவள் வந்துவிடுவாள், வந்துதான் ஆக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது குட்டியானை வந்து நின்றது. உதயகுமார் இறங்கி வந்து, போனைக் கடைச் சுவரில் சார்ஜில் மாட்டிவிட்டு, பெஞ்சில் கிடந்த பாப்பாவைப் பார்த்தான். நெற்றியில் ஈரத்துணியைப் பார்த்தான். முகம் மாறிப்போயிற்று.

"எப்ப இருந்து?"

"காலைல இருந்து. ஆஸ்பத்திரில காட்டிட்டேன், மருந்து குடுத்திருக்கு."

"அவ எங்க?"

சொன்னேன். போன் வந்ததையும், நான் உளறியதையும், அவள் "வாரேன்" என்றதையும், இன்னும் வந்து சேராததையும், ஒன்றை மறைக்காமல் சொன்னேன். ஆட்டோ கவிழ்ந்ததை மட்டும் சொல்லவில்லை. முத்துப்பேச்சி அதையும் சொல்லிவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கத்தினான். "பரிச்சை பரிச்சைன்னு ரெண்டு பேரும் ஆடுனீக. இப்ப புள்ளை இங்க கெடக்கு, அவ எங்க கெடக்காளோ தெரியல. அவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்துச்சு, ஒன்னை நான் அக்கான்னு கூப்பிட மாட்டேன் பாத்துக்க!"

வேறு நாளாக இருந்தால் அவனை அங்கேயே வைத்து உரித்திருப்பேன். அன்றைக்கு நான் பேசவில்லை. "பாலத்துல போய்ப் பாக்கேன். அங்க இல்லைன்னா பள்ளிக்கூடத்துக்கே போறேன்" என்று வண்டியில் ஏறி, வந்த வேகத்தில் திருப்பினான். "போறேன்" என்கிறானே என்று திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவன் போன கொஞ்ச நேரத்தில் வீரபாண்டி டீயைக் குடித்து முடித்தார். மதுரைக்கு உப்பு ஏற்றிப் போகிற லாரிக்காரர், ரொம்ப வருசமாகக் கடைக்கு வருகிறவர். கிளாஸை வைத்துவிட்டு, தோள் துண்டை உதறிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி லாரியைப் பார்த்து நடந்தார். நடந்துகொண்டே சொன்னார்.

"அக்கா, வாரேன்."

நான் அந்த முதுகையே பார்த்தேன். வாரேன் என்கிறார். ஆனால் போகிறார். வாரேன் என்று சொல்லிவிட்டு அந்த மனுசன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்!

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அடி கூறு கெட்டவளே! செல்வி வருகிறேன் என்றா சொன்னாள்? போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்! உள்ளே போகிறேன், பரீட்சை எழுதப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்! "போறேன்" என்று சொன்னால் இந்த நாத்தனார் தின்றுவிடுவாள் என்று பயந்து, நான் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அவள் வரவில்லை. அவள் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு மூச்சு சிரிப்பு வந்தது. அடுத்த மூச்சில் அது அடங்கிவிட்டது. உதயகுமார்! பாலத்தில் அவள் இருக்க மாட்டாள். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போவான். பிள்ளைக்குக் காய்ச்சல், வெளியே வரச் சொல் என்று கேட்டில் நின்று கத்துவான். பாதிப் பரீட்சையில் அவளை எழுப்பிக் கொண்டுவந்துவிடுவான். போனைப் போட்டேன். கடைச் சுவரில் மணி அடித்தது. சார்ஜில் மாட்டியவன் எடுக்காமலேயே போயிருக்கிறான்.

"வீரபாண்டி! நில்லுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். "முத்துப்பேச்சி, அடுப்பை அணைச்சிரு!"

"புள்ளையையுமா கொண்டு போறீக மதினி?"

"சூடு கொறையலைன்னா டாக்டர்ட்டக் கொண்டு போகச் சொல்லித்தான விட்டாக. ரெண்டு சோலியும் ஒண்ணாப் போகட்டும்" என்று லாரியில் ஏறிவிட்டேன்.

"ஏறுற வேகத்தைப் பாத்தா லாரியை நீங்களே ஓட்டிருவீக போலயேக்கா" என்றார் வீரபாண்டி. சிரிக்கிற நிலைமையிலா இருந்தேன்? உப்பு லோடு வண்டி உருண்டது. இரண்டு பக்கமும் வேலிக்கருவையும் வெறுங்காடும் நகரவே இல்லை. பாப்பாவின் மூச்சு என் கழுத்தில் பட்டுச் சுட்டது. கண் சொருகுகிறதா என்று ஒரு கண்ணால் அவளைப் பார்த்தேன். குட்டியானை தெரிகிறதா என்று இன்னொரு கண்ணால் ரோட்டைப் பார்த்தேன். பாலத்தில் கவிழ்ந்த ஆட்டோவை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அங்கே உதயகுமார் இல்லை.

உடனே ஒரு நினைப்பு வந்தது. ஒருவேளை நான் செய்வதுதான் தப்போ? இந்தப் பிள்ளைக்கு லாரியிலேயே வெட்டு வந்துவிட்டால்? பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் என் மடியில் ஏதாவது ஆகிவிட்டால், நாத்தனாருக்கு என்ன வந்தது, அவள் பெற்ற பிள்ளையா என்று ஊர் கேட்காதா? செல்வியே கேட்க மாட்டாளா? பாப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் நான் நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது. உதயகுமார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு போலீஸ்காரம்மா அவனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தங்கச்செல்விதான? உள்ளதான் எழுதிக்கிட்டு இருக்காங்க, கேட்டு வந்துட்டேன். அவசரம்னா நான் போய்ச் சொல்லுறேன். ஆனா ஒண்ணு, வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? புள்ளைக்குக் காச்சல்னு சொல்லுங்க, அவளே ஓடியாந்துருவா!"

"சரி" என்று அந்தம்மா திரும்பினார்.

"கூப்பிடாதீக!" என்று நான் கத்தினேன். செருப்பு ஒன்று லாரிப் படியிலேயே விழுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு ஓடினேன். "தாயி, கும்பிடுறேன், கூப்பிடாதீக!"

போலீஸ்காரம்மா நின்றார். "நீங்க யாரு? பொண்ணுக்கு அம்மாவா?"

"இல்ல. நாத்தனா."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாத்தனாரா? வீட்டுக்காரர் கூப்பிடச் சொல்றாரு, நாத்தனார் கூப்பிடாதேன்றீங்களா? நல்லா இருக்கே கதை!"

"நீ எதுக்குப் புள்ளையத் தூக்கிட்டு வந்த?" என்று உதயகுமார் என்மீது பாய்ந்தான். பாப்பாவை வாங்கி நெற்றியில் கன்னத்தை வைத்தான். அவன் கண் கலங்கிவிட்டது. "பாரு, எப்படிக் கொதிக்குதுன்னு பாரு. இன்னொரு தடவை அந்த மாதிரி ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்க்கா. பெத்தவ வேணாமா இதுக்கு?"

எனக்கும் அழுகை முட்டியது. அழுதால் காரியம் கெட்டுவிடும்.

"ஏலே, பெத்தவன் நீ இல்லையா? ஒன் கை கையில்லையா? டாக்டர்கிட்டக் கொண்டு போக ஒரு ஆளு போதும், நாம ரெண்டு பேரு நிக்கிறோம். ஒரு புள்ளையத் தூக்க மூணாவது ஆளு எதுக்கு? அவ வெளிய வந்தா காச்சல் எறங்கிருமா? சொல்லு, எறங்கும்னா நானே கூப்பிடுறேன்."

பாப்பா அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வெளிய வரச் சொல்லு. வருவா. ஆனா சாகுற வரைக்கும் அவ ஒன்னை ஒண்ணும் கேக்க மாட்டா. அதுதான்லே எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

போலீஸ்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரி தெரியும்ல? மொதல்ல புள்ளையக் கொண்டு போங்க. வண்டியில பேசிக்கங்க" என்று கதவோரம் போய் நின்றுகொண்டார். உள்ளே போகவில்லை.

பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டு அவன் வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பாப்பாவின் தொண்டையைப் பார்த்து, காதைப் பார்த்து, தொண்டையில் புண் என்று மருந்து கொடுத்தார். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்கள். உதயகுமார் ஈரத்துணியை என்னிடமிருந்து பிடுங்கி அவனே துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, "அக்கா, தொட்டுப் பாரேன்" என்றான். தொட்டேன். கழுத்தடியில் வேர்வை. பாப்பா கண்ணைத் திறந்து, "அத்தே, பன்னு" என்றாள். பன் கேட்கிற பிள்ளைக்கு இனி ஒன்றும் ஆகாது. அப்போதுதான் எனக்கு உசுரு திரும்பி வந்தது.

மூவரும் மறுபடி பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வந்து நின்றோம். மணி அடித்தது. பெண்களும் ஆண்களுமாகக் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். கடைசியில் செல்வி வந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். எங்கள் மூவரையும் பார்த்ததும் அது அப்படியே அணைந்து போயிற்று. ஓடிவந்து பாப்பாவைப் பிடுங்கினாள்.

"என்ன ஆச்சு? எதுக்கு எல்லாரும் வந்திருக்கீக?"

"காலைல லேசாக் காச்சல். இப்ப ஒண்ணும் இல்ல. டாக்டரைப் பாத்தாச்சு" என்றான் உதயகுமார்.

"காலைலயா?" அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன் மதினி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்த்தா. போன்ல மேலு சுடுதுன்னு சொன்னேன். ஒனக்குக் கேக்கலையா?"

"இல்லையே! ஒரே ஆரன் சத்தம். கேட்ல போனை வாங்கி வைக்கிறாக, உள்ள போகணும்னு சொல்லி, வாரேன்னேன். வச்சுட்டேன்."

"கேட்டிருந்தா?"

அவள் பாப்பாவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வந்திருப்பேன் மதினி."

உதயகுமார் தலையைக் குனிந்துகொண்டான். காலையில் நான் பரம்பரையோடு சபித்த அந்த ஆரன்காரன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன். அப்புறம் உதயகுமார் செருமினான். "எப்படி எழுதுன?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. உடனே பதறிப்போய், "ஐயோ, போனையும் பையையும் இன்னும் வாங்கல. அந்தா அங்க குடுக்காக" என்று பாப்பாவை அவனிடம் கொடுத்தாள். "வாங்கிட்டு வந்துருதேன். மதினி, வாரேன்."

"நில்லு" என்றேன்.

நின்றாள். தப்பாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்று பழைய பயம் அவள் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் உட்கார வைத்த பயம்.

"என்ன வாரேன்? காலைலருந்து அந்த ஒத்தைச் சொல்லை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போறவ போறேன்னு சொல்லு."

"வேணாம் மதினி." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒங்களுக்கு ஆகாதுல்ல."

"சொல்லுத்தா. இனிமே எங்கெங்கயோ போக வேண்டிய பிள்ளை நீ. பழகிக்க."

அவள் உதயகுமாரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போறேன் மதினி."

கேட்டதும் திருப்பிக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வாய் திறந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், கஷ்டப்பட்டுத்தான் மூடிக்கொண்டேன். ஒற்றைச் செருப்போடு நின்று, அந்தக் கூட்டத்துக்குள் அவள் முதுகு மறைகிற வரைக்கும் பார்த்தேன். மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் குறைந்தது. அவளைக் காணோம். உதயகுமார் என்னவோ கேட்டான், காதில் விழவில்லை.

பிறகு அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே நடந்து வந்தாள்.

போறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் என்னிடம் திரும்பி வந்தவள் அவள்தான். ரோடு என்றும் பார்க்காமல் நின்று ஒப்பாரி வைத்துவிட்டேன்.

"என்னாச்சு மதினி?" என்று பதறினாள்.

"ஒண்ணும் இல்ல. செருப்பு ஒண்ணைக் காணோம்" என்றேன்.